மாடலாக உட்கார்ந்தவரின் கை

புதிதாக ஓவிய ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நம் பீரியட் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தம். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் நம் வகுப்பைக் கேட்பார். ஆண்டு விழா வந்தால் மேடைத் துணியில் எழுத்து எழுத நம்மைக் கூப்பிடுவார்கள். இதற்கெல்லாம் கோபப்பட்டு ரத்தக் கொதிப்பை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். நான் வரவழைத்துக்கொண்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் உங்கள் வேலையில் ஒரு பகுதியையாவது யாருக்கும் விட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அரசு ஓவியத் தேர்வு எழுதி டீச்சர் ஆகவேண்டும் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பூவும் ஜாடியும் எல்லோருக்கும் வந்துவிடும். மனித உருவம் என்றால்தான் முகம் வாடும். அதனால் வர்ணத்தைத் தொடவே விடாமல் மாதக்கணக்கில் பென்சிலில் உருவம் மட்டும் போடச் சொல்வேன். ஆளை எதிரில் உட்கார வைத்து, முதலில் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்று மெல்லிய கோடுகளில் பிடிக்க வேண்டும். பழைய கேள்வித்தாளின் பின்பக்கம்தான் எங்களுக்குத் தாள். மூலையில் தேதி போட வேண்டும். ரப்பர் கொண்டுவரக் கூடாது. தப்பான கோடு தப்பாகவே கிடக்கட்டும், அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு என்பேன். அழித்து அழித்து வரைகிற பிள்ளை எதிரில் இருப்பவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள். பிள்ளைகள் உங்களைத் திட்டும், பரவாயில்லை.

சொல்வது சுலபம், எதிரில் உட்கார ஆள் வேண்டுமே. பிள்ளைகளின் மாமன் மச்சானைக் கூட்டிவந்தால் ஐந்து நிமிடத்தில் மூக்கைச் சொறிவார்கள், பீடி கேட்பார்கள். கடைசியில் எங்களுக்கு வாய்த்தவர் பீர் முகம்மது பாய். பள்ளிக்கு எதிரே தையல் கடை. எங்கள் பிள்ளைகளின் யூனிபார்ம் அத்தனையும் அவர் கைத்தையல்தான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், இமைகூட யோசித்துத்தான் இமைக்கும். சும்மா உட்காரவும் மாட்டார். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு படமாகப் பார்த்து டெய்லர் கணக்கில் தீர்ப்புச் சொல்வார். “இந்தத் தோளுக்குச் சட்ட தச்சா ஒரு பக்கம் எறங்கிரும் தம்பி” என்பார். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவருடைய மகள் மும்தாஜுக்கு அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மனிதர் சந்தோஷத்தில் இருந்தார்.

பிள்ளைகளில் ராமலட்சுமி என்று ஒருத்தி. கான்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். வரைவதில் மகா நிதானம். மற்றவர்கள் முழு உருவமும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகும்போது அவள் ஒரு கையை மட்டும் போட்டு வைத்திருப்பாள். முகம் வராது என்று பயம். “ஏட்டி, பரீட்சையில கைக்கு மட்டும் மார்க் போடுவாகளா?” என்று நானும் கேலி செய்வேன். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாரமும் கைதான் போடுவாள். பாயின் வலது கை, முழங்காலின்மேல் கிடக்கும் கை. வாரா வாரம் அதே கை.

ஒரு ஞாயிறு எல்லாப் படங்களையும் சுவரில் குத்தி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றிலும் பாயின் விரல்கள் நேராக, ஒன்றையொன்று ஒட்டி, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்தன. ராமலட்சுமியின் படத்தில் மட்டும் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்பக்கமாக வளைந்து, சுண்டு விரல் கொஞ்சம் விலகியும் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். பாய் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“பாய், விரல செத்த நீட்டி வைங்க” என்றேன்.

“நேராத்தான டீச்சர் வச்சிருக்கேன்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நேராக இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். அப்போதெல்லாம் வருடம் ஒருமுறை தொழுநோய் ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். பிள்ளைகளின் முதுகையும் கையையும் பார்ப்பார், தேமல் இருந்தால் இறகால் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார். அவர் உட்கார என் டிராயிங் ரூமைத்தான் கொடுப்பார்கள், சொன்னேனே, நம் அறை எல்லோருக்கும் சொந்தம். சுவரில் அவர் மாட்டுகிற படத்தில் இதே மாதிரி ஒரு கை இருக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கிய கை.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மற்ற பிள்ளைகள் ஒன்றும் மோசமாக வரைகிறவர்கள் இல்லை. நாம்தான் அவர்களுக்குக் கை என்றால் இப்படி, விரல் என்றால் இப்படி என்று மாதிரிப் படத்தைப் பார்த்து வரையப் பழக்குகிறோம். அதற்குப் பிறகு எதிரில் நிஜக் கை வந்தால் பிள்ளை அதையும் மாதிரிப் படமாகத் திருத்திவிடுகிறது. திருத்தியது அதற்கே தெரியாது. முகம் வராது என்று பயந்த பெண் கையை விடாமல் பார்த்ததால் கை அவளுக்குத் தெரிந்தது. அவளிடம் பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பைக்குள் எல்லாம் இருந்தன. தேதிப்படி அடுக்கினோம். முதல் படங்களில் விரல் நேர். பிறகு ஒரு படத்தில் சுண்டு விரலின் நுனி மட்டும் லேசாகக் குனிந்திருந்தது. அதன்பின் வாரத்துக்கு வாரம் கூடியிருந்தது.

மறுநாளே ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். தொப்பையும் நெற்றி நிறைய விபூதியுமாக, எதற்கும் அவசரப்படாத மனிதர். யார் என்று பெயர் சொல்லாமல் படங்களை மட்டும் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“படத்தப் பாத்துச் சொல்ல முடியாது டீச்சர். ஆளப் பாக்கணும். ஆனா அந்த நோவுதான்னா, நாளு கடத்தாதீங்க. மாத்திரை நோயத் தீத்துரும், அதுல சந்தேகமில்ல. வெரலு அப்டியில்ல. நரம்பு கெட்ட புதுசுலயே வைத்தியம் பாத்தா வெரலு திரும்பலாம். ஆறு மாசம் தாண்டிச்சுன்னா நிமிராது.”

பிறகு அவரே தயங்கிச் சொன்னார். “நான் அவிய வீட்டுக்கு வரக்கூடாது. என் சைக்கிள் எந்த வாசல்ல நின்னாலும் தெருவே அந்த வீட்டப் பாக்கும்.”

அது உண்மை. அந்த வியாதியின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேச்சு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தால் மும்தாஜின் கல்யாணம் நின்றுவிடும். பாய் கேள்விப்பட்டால் என்ன சொல்வார் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை. கல்யாணம் முடியட்டும் என்பார். கல்யாணம் ரம்ஜான் கழிந்துதான், இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களில் ஒரு டெய்லரின் வலது கை போய்விடும்.

நான் புறப்படும்போது ஆய்வாளர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு, ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் துணியை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி சபூரா இருந்தாள். இப்படிப்பட்ட விஷயத்தை ஆண்பிள்ளையிடம் தனியாகச் சொல்லக் கூடாது, வீட்டுக்காரி கேட்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன்.

படங்களைக் காட்டிச் சொன்னேன். பாயின் முகம் கறுத்துவிட்டது. கோபத்தில் அவர் சத்தம் போடுகிறவர் இல்லை, குரல் இறங்கும்.

“சின்னப்பிள்ளைக போட்ட படத்த வச்சு என்னயப் பேசுதீகளா டீச்சர்? பென்சில்ல எப்படி வேணாலும் வளைக்கலாம்.”

“படம் தப்பா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான் பாய். ஒருக்கா டாக்டரக் காட்டிருவோம்.”

“சரி, நெசமாவே இருக்குன்னே வைங்க. கல்யாணம் முடியட்டும். கை போனா எனக்கு ஒரு கை. பேச்சு வந்தா எம் பிள்ளைக்கு வாழ்க்க.”

சபூராதான் குறுக்கே பேசினாள்.

“போன வாரம் இஸ்திரிப் பெட்டி இவிய வெரல்ல சுட்டு தோலு வெந்துபோச்சு டீச்சர். தெரியாமலே நின்னாவ. நாந்தான் வாட வருதேன்னு ஓடியாந்தேன்.” பிறகு என்னைப் பார்த்து, “பாக்கறதுக்கு வீட்டுலயே ஏதும் வழி இருக்கா?” என்றாள்.

ஆய்வாளர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு தாளை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் இழுக்க வேண்டும். சபூரா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த ராமலட்சுமியின் படம் ஒன்றையே எடுத்தாள். முதலில் இடது கை. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்தாள். “இறுக்கிப் பிடிங்க” என்று இழுத்தாள். தாள் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். படம் பாதியாகக் கிழிந்தது.

அடுத்த படத்தை வலது கையில் வைத்தாள். “பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு” என்றார் பாய். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடித்தார். நெற்றி நரம்பு தெரிந்தது.

சபூரா இழுக்கக்கூட இல்லை, சும்மா எடுத்தாள். தாள் அவள் கையோடு வந்துவிட்டது.

பாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் வைக்கச் சொன்னார். மறுபடியும் வந்துவிட்டது. அவர் அழுததை நான் பார்த்தேன் என்று எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதார், நாங்களும் அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பிள்ள படத்தக் கிழிச்சுட்டமே, பேப்பர் வாங்கிக் குடுக்கணும்” என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, டாக்டரிடம் வரச் சம்மதித்துவிட்டார் என்று.

இனி எப்படிக் கூட்டிப் போவது என்பதுதான் கேள்வி. தோல் டாக்டர் உட்காருவது ராஜபாளையம் ஆஸ்பத்திரியில். சம்பந்தி வீடும் ராஜபாளையம். அந்த அறை வாசலில் பாய் நிற்பதை ஒருவர் பார்த்தாலும் போதும். நானும் ஆய்வாளரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் நம் தொழில்தான் வழிகாட்டியது. மனித உருவம் வரையப் பழக ஆஸ்பத்திரி வராந்தாவை விட நல்ல இடம் எது? கையைக் கன்னத்தில் வைத்து, சுவரில் சாய்ந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை விதமாக மனிதர்கள் அசையாமல் காத்திருக்கிறார்கள். பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, வகுப்பு மொத்தத்தையும் போர்டும் பென்சிலுமாக பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழக்கமாக மாடலாக இருக்கிற பாயும் கூட வந்தார். ஆய்வாளரும் ஒரு புது டிராயிங் போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாணவராக வந்தார். ராமலட்சுமியைத் தவிர வேறு பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

தோல் டாக்டர் அறைக்கு முன்னால் ஒரு பெஞ்சு. பாய் அதில் உட்கார்ந்தார். சீட்டு உள்ளே போய்விட்டது, கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வராந்தாவில் நொண்டி நொண்டி வந்தார் ஒருவர். காலில் ஆணி குத்தி ஊசி போட வந்திருக்கிறார். பாயின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தா, அந்தப் பலசரக்குக் கடைக்காரர்.

“சம்மந்தி, என்ன இங்க வந்து உக்காந்திருக்கீக?” என்றார் அவர்.

பாய் எழப் போனார். எழுந்தால் பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் பொய் வராது, அது எனக்குத் தெரியும்.

“பாய், அசையக் கூடாது. இப்பத்தான் தோளு பிடிபட்டுருக்கு” என்று வகுப்பில் அதட்டுகிற குரலில் அதட்டினேன். மடியில் இருந்த போர்டில் அவசரமாகக் கோடு இழுத்தேன். என்ன இழுத்தேன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சம்பந்தி சுற்றிப் பார்த்தார். வராந்தா நெடுக பிள்ளைகள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டார்.

“மும்தாஜு சொல்லுச்சு, எங்கத்தா படம் வரைய உக்காருதாவன்னு. நான் வெளையாட்டுன்னு நெனச்சேன். என்னயும் ஒண்ணு போடுங்களேன்.”

அந்த ஒரு நொடியில் என்ன செய்தேன் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். நல்ல மாடலுக்குப் பார்வையை ஓரிடத்தில் நிறுத்திக் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அவரை வராந்தா விளிம்பில், அறைக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். “அங்க தெரியுதே வேப்பமரம், அத விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. எடுத்தா படம் கெட்டுரும்” என்றேன். ராமலட்சுமியை அவர் எதிரில் உட்கார்த்தினேன். அந்த வகுப்பிலேயே அவளைவிட மெதுவாக வரைகிறவர் கிடையாது.

அவர் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் உள்ளிருந்து சத்தம் வந்தது. “பீர் முகம்மது யாரு?”

சம்பந்தியின் தலை அசைந்தது. “மாமா, மரம்” என்றாள் ராமலட்சுமி. தலை நின்றுவிட்டது.

“நாந்தான், வாரேன்” என்று நெற்றி நிறைய விபூதியோடு எழுந்து உள்ளே போனார் எங்கள் ஆய்வாளர்.

“சம்மந்தி பேருலயே இன்னொருத்தரு போல” என்றார் சம்பந்தி மரத்தைப் பார்த்தபடி.

“தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று பாய் மெல்ல எழுந்து பின்னாலேயே போனார்.

சம்பந்திக்குக் கால் மரத்துப்போனது. “இன்னும் எம்புட்டு நேரம் தாயி?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். “செத்த நேரம் மாமா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். என் வாழ்நாளில் ஒரு மாணவி மெதுவாக வரைகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். நெருக்கடியில் பிறந்த அந்தப் படத்தில் அவள் முதன்முறையாக முழு முகமும் போட்டாள். முகத்துக்குப் பயப்பட அன்று மனசில் இடமில்லை போலிருக்கிறது. மீசை கொஞ்சம் ஒரு பக்கம் தூக்கியிருந்தது, அவ்வளவுதான். சம்பந்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடையில் மாட்டுவேன் என்று சொல்லி நொண்டிக்கொண்டே ஊசி போடப் போனார்.

உள்ளே நடந்ததை ஆய்வாளர் பஸ்ஸில் சொன்னார். டாக்டர் முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்த்து வியாதிதான் என்று உறுதி செய்துவிட்டாராம். விரல் எப்போதிருந்து இப்படி என்று கேட்டாராம். பாய் தெரியாது என்றாராம். அது சத்தியமான பதில். பழசா புதுசா என்று தெரியாமல் டாக்டர் யோசித்தபோது ஆய்வாளர் ராமலட்சுமியின் படங்களைத் தேதிப்படி மேஜையில் பரப்பியிருக்கிறார். டாக்டர் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இது புதுசு. இன்னைக்கே நரம்புக்கும் மருந்து ஆரம்பிச்சிருவோம்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பரீட்சைக்குப் போகாத, சட்டம் போடாத, டீக்கடையில் வடை மடிக்கக் கொடுத்துவிடுகிற தாள்கள் அவை. உங்கள் பிள்ளைகளின் பென்சில் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் ஏன் எல்லோரிடமும் நச்சரிக்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

அதற்குப் பிறகு ஆய்வாளர் எங்கள் வகுப்பில் நிரந்தர மாணவராகிவிட்டார். மாதம் ஒருமுறை ஒரு மாத்திரையைக் கண் முன்னாலேயே விழுங்க வைக்க வேண்டும் என்பது வைத்திய முறை. டீ வரும்போது பாயும் அவரும் ஜன்னல் ஓரம் ஒதுங்குவார்கள், மாத்திரை உள்ளே போய்விடும். பிறகு விரலுக்கான பயிற்சியும் நடக்கும். மற்ற வாரங்களில் வர வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வந்தார். மாதம் ஒருநாள் மட்டும் வந்தால் யாருக்காவது சந்தேகம் வரும் என்பார். எனக்கென்னவோ அவருக்கு வரைவதில் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது என்று சந்தேகம். ஆசை வந்ததே தவிரக் கை வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்தவர்களிலேயே அவரை மாதிரி மோசமாக வரைந்தவர் கிடையாது. அவர் போடும் மனிதருக்குக் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியாது. இந்த வயதில் படம் வரையப் போகிறாராம் என்று ஊரே அவரைக் கேலி செய்தது. அவர் சிரித்துக்கொள்வார். அந்தக் கேலிதான் பாய்க்குப் பாதுகாப்பு. அவர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றால் ஊர் வேறெதையும் யோசிக்கவில்லை.

மாத்திரையால் பாயின் நிறம் கறுத்தது. கல்யாண வேலையில் வெயிலில் அலைகிறார் என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் அவர் முகத்துக்கு அழுத்தமான பென்சில் கேட்டார்கள். விரல் மட்டும் அசைவேனா என்றிருந்தது. ராமலட்சுமி வாரா வாரம் கையை வரைவாள், பாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆறுதலுக்குக்கூட நேராக வரையக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். சொல்லத் தேவையிருக்கவில்லை, அவளுக்கே அது தெரிந்திருந்தது.

சம்பந்தியிடம் மறைத்தது சரியா என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். முதல் மாத்திரையிலேயே மற்றவருக்கு ஒட்டுகிற ஆபத்துப் போய்விடுகிறது என்று ஆய்வாளர் எனக்கு விளக்கியிருந்தார். ஊருக்கு யார் விளக்குவது? சில வருடம் கழித்து, பேரன் பிறந்த பிறகு, பாயே சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதானாம். “மாத்திரைய முழுசா முடிச்சீகளா?” அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் நான் செய்ததற்காக வருத்தப்படவில்லை.

ரம்ஜான் கழிந்து நிக்காஹ் வந்தது. எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் அழைப்பு. சம்பந்தி தன் கடையில் தொங்கும் படத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு உள்ளே தனி அறை, நடுவில் துணித் திரை. நான் சபூராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவினேன்.

“அதில்ல டீச்சர்” என்றாள் காதோடு. “அவிய இப்ப மாப்பிள்ளையோட வலது கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பொண்ணக் குடுக்கணும். சபையே கையத்தான் பாக்கும்.”

எனக்கு இது தெரியாது. இத்தனை மாதமும் அவர்கள் இருவரும் எந்த நாளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் ஓதுகிற சத்தம் கேட்டது. பாயின் குரல் கேட்டது, வழக்கம்போல இறங்கிய குரல். மாப்பிள்ளை சம்மதம் சொன்னது கேட்டது. கை எப்படி இருந்தது என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. எல்லோரும் கையேந்தித் துஆ கேட்டார்கள், பெண்கள் மும்தாஜைச் சூழ்ந்துகொண்டார்கள். சபூரா இடத்தை விட்டு எழவில்லை.

வாசல் பக்கம் என்னைக் கூப்பிட்டார்கள். ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை ஒன்றை நீட்டிவிட்டுச் சபைக்குத் திரும்பிவிட்டார். திருப்பினேன். பின்பக்கத்தில், சபையில் உட்கார்ந்தபடியே பென்சிலில் வரைந்திருக்கிறார். இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. கைகள் என்று நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும், பார்வைக்கு இரண்டு வாழைச்சீப்புகள். கட்டைவிரல் யாருடையது என்றே தெரியவில்லை. ஒருவருக்கு விரல் ஒன்று கூடுதலாகவும் இருந்தது. ஆனால் படத்தில் இடது பக்கம் இருந்த பாயுடைய கையின் சுண்டு விரல், சும்மா மடங்கிக் கிடக்காமல், மாப்பிள்ளையின் கையைச் சுற்றி வளைத்து, நுனிவரை அழுந்திப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் பென்சிலும் அழுந்தியிருந்தது.

சபூராவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

“நெசமா இப்படித்தான் பிடிச்சாகளா டீச்சர்? மனசு ஆறட்டும்னு அந்தச் சார் சும்மா போட்டுருப்பாரோ?”

“இல்லாதத இருக்கற மாதிரி வரையறதுக்குத் தெறம வேணும் சபூரா. அது அந்த மனுசன்ட்ட சுத்தமாக் கெடயாது” என்றேன்.

அவள் சிரித்தாள். படத்தில் இருந்த அந்த விரலின் மேல் தன் விரலை வைத்தாள், மகளைக் கார் ஏற்றக் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.